எரிமலைக்கு விடியற்காலை, குகைக்கு உச்சிவேளை

கேள்வி: நான், மனைவி, 14 வயது மகன், 68 வயது அம்மா நால்வரும் நான்கு நாள் பயணமாக இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவுக்குப் போகிறோம். மெராபி எரிமலை, சுண்ணாம்புக் குகைகள், போரோபுதூர் பௌத்தக் கோயில், பிரம்பானான் இந்துக் கோயில்கள் எல்லாம் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஜனவரியா, ஜூலையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: ஜூலையில் போங்கள். அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல மழை. நனைவது பெரிய விஷயமில்லை. நீங்கள் பார்க்கப்போகும் இரண்டு நிலங்களிலும் மழை செய்யும் வேலைதான் விஷயம். நகரத்துக்கு வடக்கே மெராபி, அதன் சாம்பலும் கருங்கல்லும். தென்கிழக்கே குனுங் கிடுல், பழைய எரிமலைப் பாறைகளின் மேல் கடலுக்கடியில் வளர்ந்து, பிறகு மேலெழுந்த சுண்ணாம்புப் பாறை. பெருமழை பெய்தால் வடக்கே எரிமலைச் சாம்பலும் பாறையும் சேறாகி ஆற்றோடு பாய்ந்து வரும். 'லஹார்' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது ஜாவாக்காரர்களின் சொல். தெற்கே மழைநீர் தரையில் நிற்காது. பாறைத் துளைகள் வழியாக இறங்கி நிலத்தடி ஆறாக ஓடும். எங்கோ தொலைவில் பெய்த மழை, வெயிலடிக்கும் இடத்தில் குகைக்குள் வெள்ளமாக வந்து சேரும். அதனால் குகைக்குப் போகிற நாளில் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முந்தைய இரவு மேல்பகுதியில் மழை பெய்ததா என்று அங்குள்ள வழிகாட்டியிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தவே கூடாது.

முதல் நாள் மெராபி. காலை ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள். வெயில் ஏற ஏறச் சிகரத்தை மேகம் மூடிவிடும். உச்சிக்கு ஏறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எச்சரிக்கை நிலை நான்கு படிகள் கொண்டது: நோர்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். 2020 நவம்பரில் அதை மூன்றாம் படியான சியாகாவுக்கு உயர்த்தினார்கள். புறப்படும் வாரத்தில் அன்றைய நிலையையும் விலகியிருக்க வேண்டிய தூரத்தையும் கட்டாயம் பாருங்கள். 2010 வெடிப்பில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். கொன்றதில் பெரும்பங்கு தீக்குழம்புக்கு அல்ல, சரிவில் உருண்டு வந்த கொதிக்கும் சாம்பல் மேகத்துக்கு. ஊர்க்காரர்கள் அதை 'வெடுஸ் கெம்பெல்', சடைபிடித்த ஆடு என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அந்த மேகம் அழித்த கிராமங்கள் வழியாக ஜீப்பில் அழைத்துப் போவார்கள். தூக்கித் தூக்கிப் போடும் என்பதால் அம்மா அதில் ஏற வேண்டாம். அந்நேரம் அவரும் மனைவியும் காலியூராங்கிலுள்ள மெராபி அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும்.

திரும்பும் வழியில் சம்பிசாரியை விட்டுவிடாதீர்கள். 1966-ல் ஒரு விவசாயி நிலத்தைக் கொத்தும்போது மண்வெட்டி கல்லில் பட்டது. தோண்டினால் ஆறு மீட்டருக்கும் அதிகமான எரிமலை மண்ணுக்குள் முழுச் சிவன் கோயில்! மேலே நின்று குழிக்குள் பார்த்தாலே மெராபி இந்த நாட்டை என்ன செய்திருக்கிறது என்று புரியும். அம்மா படியிறங்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் குகை. மகனும் நீங்களும் ஜொம்ப்ளாங்குக்குப் போங்கள். இடிந்து விழுந்த பெரும் பள்ளத்துக்குள் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து கயிற்றைப் பிடித்திருப்பார்கள். அடியில் பச்சைக் காடு. அங்கிருந்து சேறும் இருட்டுமாகச் சுமார் 300 மீட்டர் நடந்தால் குருபுக் குகை. கூரையிலுள்ள ஒற்றைத் துளை வழியாக வெளிச்சம் தூணாக இறங்கும். வெயில் உச்சிக்கு வரும் சமயம்தான், ஏறத்தாழ பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அந்தக் காட்சி. பிறகு வெறும் குகை. அதனால் நகரத்திலிருந்து ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள், இடத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள். மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள், சேறு படாமல் யாரும் ஏறி வந்ததில்லை.

அம்மாவுக்கு இது ஒத்துவராது. காற்றடைத்த டியூபில் படுத்தபடி மிதந்து போகும் பிண்டுல் குகையை யோசிக்கலாம். உள்ளே நடையே இல்லை, ஆனால் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். தயக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஜூலை போன்ற மழையில்லாத மாதங்களில் குனுங் கிடுல் மலைகளில் தண்ணீர்ப் பஞ்சம். மழையெல்லாம் பாறைக்கடியில் போய்விடுகிறது. பிரிபின் என்ற இடத்தில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் நிலத்தடி ஆற்றை மறித்து, அந்த ஓட்டத்தின் விசையிலேயே நீரை மேலேற்றும் அமைப்பைக் கட்டினார்கள். அங்கே தங்கினால் குளிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் போரோபுதூர். திங்கட்கிழமை என்றால் மேலே ஏற விடுகிறார்களா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஏற தனிச் சீட்டும் நேரமும் முன்பதிவு செய்ய வேண்டும்; வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். கல் தேயாமலிருக்க 'உபானத்' என்ற பின்னல் செருப்பு தருவார்கள். வடமொழியில் காலணிக்கான சொல்தான் அது. படிகள் செங்குத்து. அம்மாவுக்குக் கீழ்த்தளச் சீட்டு போதும். பிறகு மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள மெண்டுட் கோயிலுக்குப் போங்கள். உள்ளே மூன்று மீட்டர் உயர புத்தர் அமர்ந்திருக்கிறார். பத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, அம்மாவால் முடிந்தால் கைகொடுத்து ஏற்றிவிடலாம்.

நான்காம் நாள் மாலை பிரம்பானான். 47 மீட்டர் சிவன் கோயிலின் சுற்றுச்சுவரில் இராமாயணச் சிற்பங்கள் வலமாகத் தொடங்கி, பக்கத்திலுள்ள பிரம்மா கோயிலில் முடிகின்றன. தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாக அகத்தியர் நிற்கிறார். இங்கேயும் படிகள் உயரம்தான். ஆனால் வளாகம் சமதளம். புல்வெளியில் உட்கார்ந்து பார்ப்பதற்கே அம்மாவுக்கு ஒரு மாலை போதாது. அன்று பகலில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல் அவர் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.