எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? – வாசகர் கேள்விகள்

எங்க சாளைக்குப் (தோட்டத்து வீட்டுக்கு) போற இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள தடம்) மழை பேஞ்சா சேறாயிருது, பால் வண்டி உள்ள வர்றதில்லைங்க. எம்.எல்.ஏ. நிதியில தார் ரோடு போடலாங்களா? மனுக் குடுத்துக் குடுத்துச் சலிச்சுப் போச்சு.
– வாசகி, காங்கேயம்

போடலாம். ஆனால் அந்த இட்டேரி யாருடைய நிலம் என்று முதலில் பாருங்கள். இப்படிப்பட்ட மனுக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டையும், அதன் அளவைக் காட்டும் புலப்படத்தையும் புல எண்ணை (சர்வே எண்) கொடுத்து இணையத்திலேயே எடுக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் நல்லது. அப்போதும் இருபக்கத்து வேலியும் உள்ளே நகர்ந்திருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். பட்டா நிலத்துக்குள் பழக்கத்தில் ஏற்பட்ட தடம் என்றால், அந்தந்தத் தோட்டக்காரர் தம் பங்கை ஊராட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து தர வேண்டும். நடுவில் ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். தனியார் நிலத்தில் அரசுப் பணத்தைப் போட எந்த அதிகாரியும் கையெழுத்திட மாட்டார். ஆகவே மனுவுக்கு முன்னால் பங்காளிகளோடும் பக்கத்துத் தோட்டக்காரர்களோடும் பேசி முடியுங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இது எம்.எல்.ஏ. கைக்கு வரும் பணம் அல்ல. அவர் வேலையைப் பரிந்துரைத்து ஆட்சியருக்குக் கடிதம் கொடுப்பார். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக அது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வரும். பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட்ட பிறகுதான் நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை எல்லாம். கடிதம் வாங்கிய கையோடு வீட்டில் இருந்துவிடாதீர்கள். மதிப்பீடு எந்த மேசையில் இருக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்தில் தொடர்ந்து விசாரியுங்கள். அங்கே தேங்கினால் அந்த ஆண்டுப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

மனுவில் கிராமத்தின் பெயர், புல எண், நீளம், அந்த வழியில் எத்தனை வீடுகள், பள்ளிக்குப் போகும் குழந்தைகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கிராம சபைத் தீர்மான நகலையும் சேருங்கள். "ரோடு வேண்டும்" என்ற ஒற்றை வரி மனுவை வைத்து எம்.எல்.ஏ.வின் உதவியாளர் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நிற்க எண்ணம். நெடுஞ்சாலைத் துறை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். தடை உண்டா?
– வாசகர், மொடக்குறிச்சி

உண்டு. மாநில அரசோடு நடப்பில் உள்ள பொருள் வழங்கும் ஒப்பந்தமோ வேலை ஒப்பந்தமோ இருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9அ பிரிவின்படி தகுதி இல்லை. வேலையை முழுதாக முடித்துவிட்டு பில் மட்டும் வர வேண்டியிருந்தால் தடையில்லை. முடித்ததற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். வேட்புமனுப் பரிசீலனை அன்று தேடினால் கிடைக்காது.

வயது 25 நிறைந்திருக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். உங்களுக்குப் பத்துப் பேர், அதுவும் அதே தொகுதியின் வாக்காளர்கள் வேண்டும். இந்தப் பத்துப் பேர் விதிக்கு உங்கள் ஊரும் ஒரு காரணம். 1996-இல் விவசாயிகள் தங்கள் குறைகளைக் காட்ட மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டி வந்தது. அன்று வைப்புத்தொகை 250 ரூபாய்தான். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, தொகையை ஏற்றி, பத்துப் பேரையும் கட்டாயமாக்கினார்கள்.

மனு தள்ளுபடியாவது சின்னச் சின்னக் காரணங்களால்தான். முன்மொழிபவரின் பாக எண்ணும் வரிசை எண்ணும் புதிய வாக்காளர் பட்டியலோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. சொத்தோ வழக்கோ இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதுங்கள். வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழியை மனுத் தாக்கல் செய்தவுடனே எடுத்துவிடுங்கள். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத் தாக்கலுக்கு முந்தைய நாளுக்குள் திறந்திருக்க வேண்டும். செலவு உச்சவரம்பு 40 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தேர்தல் ஆணையம் இதற்காக 3 ஆண்டுகள் போட்டியிடத் தடை விதிக்கலாம். செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.

எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?
– வாசகர், சங்ககிரி

2017-இல் 55,000 ரூபாயிலிருந்து, படிகள் சேர்த்து மாதம் 1,05,000 ஆக உயர்த்தினார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காதுகுத்து, கல்யாணம், எழவு எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. வந்தாக வேண்டும் என்று நம் பக்கத்தில் எதிர்பார்க்கிறோம். முகூர்த்த நாளில் இருபது மண்டபம் ஏறி இறங்குபவருக்குக் கோப்பைப் பின்தொடர நேரம் ஏது? சீருக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்பவர்கள், சட்டமன்றத்தில் நம் ஊர் பற்றி என்ன பேசினார் என்றும் கேட்க வேண்டும்.

அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் எங்கள் குளம் விடுபட்டுவிட்டது. எம்.எல்.ஏ.வால் சேர்க்க முடியுமா?
– வாசகர், பெருந்துறை

தொகுதி நிதியில் ஆகாது. நீர்வளத் துறையின் முடிவு வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுக்கிறது. விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், மொத்தம் 1.5 டி.எம்.சி. அதை 1,045 குளம் குட்டைகளுக்குப் பிரிக்கிறார்கள். புதிதாக ஒரு குளம் கேட்டால், "தண்ணீர் எங்கே?" என்பதுதான் துறையின் முதல் கேள்வியாக இருக்கும். ஆகவே உங்கள் குளத்தின் பரப்பு, கொள்ளளவு, அருகில் ஓடும் கிளைக் குழாயிலிருந்து தூரம், குளம் குழாயைவிட மேட்டில் உள்ளதா பள்ளத்தில் உள்ளதா என்ற விவரங்களை எழுதிக் கொடுங்கள்.

எம்.எல்.ஏ. அதை வினாவாகவோ, நீர்வளத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்திலோ எழுப்பலாம். பேச்சைவிட அமைச்சரின் பதில் முக்கியம். "ஆவன செய்யப்படும்" என்று அவையில் சொல்லிவிட்டால் அது அரசின் உறுதிமொழி. நிறைவேறியதா என்று பார்க்கச் சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழுவே இருக்கிறது. "சாத்தியக்கூறு இல்லை" என்று பதில் வந்தால் எந்தக் கணக்கின்படி என்று துணைக்கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவைக் குறிப்பின் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.