குட்டையில் மஞ்சள் தூள்: மயில்துத்தம் எவ்வளவு போடலாம்?

கேள்வி: கால் ஏக்கர் மீன்குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் விட்டு நாலு மாதம் ஆகிறது. மூன்று பக்கமும் மக்காச்சோளம் பூத்து நிற்கிறது. ஒரு வாரமாகத் தண்ணீர் மேல் மஞ்சள் தூள் மிதக்கிறது, காற்று தள்ளும் மூலையில் ஏடு கட்டுகிறது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. பாசி விஷம் என்று மருந்துக் கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொடுத்தார்கள். எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு கிராம்கூட வேண்டாம். அது பாசியில்லை, மகரந்தம். ஏட்டைக் கண்ணாடித் தம்ளரில் அள்ளி வையுங்கள். இரண்டொரு நாளில் மாவு போல அடியில் இறங்கிவிடும்.

மக்காச்சோள மகரந்தம் கனமானது. மணி ஒன்று சுமார் 90 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெரும்பாலும் வயலை ஒட்டியே விழும். கரை வரை பயிர் இருந்தால் குட்டைக்குள் விழத்தான் செய்யும். விழட்டும், காசில்லாத தீனி. மேலோடு மகா கெட்டி. ஆனால் புது மணி நன்னீரில் பட்டதும் நீரை உறிஞ்சி வெடித்து, புரதத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கக்கும். வெடிக்காமல் கிடப்பதைக் கைட்ரிட் என்ற பூஞ்சை துளைத்துத் தின்று, 2 முதல் 5 மைக்ரான் அளவுள்ள நீந்தும் வித்துகளை வெளியே விடும். முழு மணியை விழுங்க முடியாத டாப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சிக்கு அந்த வித்துதான் சாப்பாடு. டாப்னியா கட்லாவுக்குச் சாப்பாடு.

மீன் தாங்கும் மயில்துத்த அளவே டாப்னியாவைத் தீர்த்துவிடும். கூடவே தண்ணீருக்குள் இயல்பாக இருக்கும் பாசி செத்து அழுகி, மிச்ச ஆக்சிஜனையும் குடித்துவிடும். காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் மீனுக்கே ஆபத்து. தண்ணீரைச் சோதிக்காமல் பொட்டலம் மடித்துக் கொடுப்பது வைத்தியமல்ல, வியாபாரம்.

வாய் பிளப்பது ஏன் என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தீவனமும் சாணமும் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. விடிவதற்கு முன் ஆக்சிஜன் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் சாணத்தையும் உரத்தையும் நிறுத்தி, தீவனத்தைப் பாதியாக்கி, நள்ளிரவிலிருந்து வெயில் வரும்வரை ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓட விடுங்கள். மூலையில் தடித்த ஏடு அங்கேயே அழுகினால் அதுவும் ஆக்சிஜனைத் தின்னும்; பழைய வேட்டியை இருபுறமும் பிடித்து இழுத்து, ஏட்டை வாரி எருக்குழியில் கொட்டுங்கள். மெல்லிய படலத்தைத் தொடாதீர்கள்.

பிளாங்டன் (தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், மீனின் இயற்கைத் தீனி) பிடிக்கும் வலை இல்லாமல் மீன் வளர்ப்பது அடுப்புக்குள் பார்க்காமல் விறகு தள்ளுவது போல. 60 மைக்ரான் வலையில், குட்டையின் நாலைந்து இடங்களில் மொண்ட 50 லிட்டர் தண்ணீரை ஊற்றி, குழாயில் படியவிட்டு அளப்பார்கள். படிந்தது 1 முதல் 2 மில்லி இருந்தால் தீனி போதும். பூக்கும் காலத்தில் இந்தக் கணக்கு பொய் சொல்லும். மகரந்தமும் வலையில் சிக்கிக் குழாயடியில் மஞ்சளாக உட்கார்ந்து, ‘2 மில்லி’ என்று காட்டும். அதனால் படிவதற்கு முன் நாலு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெட்டி வெட்டித் துள்ளுவது உயிர். அசையாத மஞ்சள் உருண்டையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். துள்ளுவது அரிதாக இருந்து, விடியற்கால ஆக்சிஜனும் 3-க்கு மேல் நின்றால் மட்டும் பிளாங்டன் பெருகச் சாணம் போடுங்கள், அதுவும் பூ உதிர்ந்து ஓய்ந்த பிறகு.

இன்னொன்று. பூத்த பயிருக்குப் பூச்சி மருந்து அடித்தார்களா என்று விசாரியுங்கள். பைரித்ராய்டு வகை என்றால் சாரல் பட்டாலே டாப்னியா காலி. அப்போது வலையில் மஞ்சள் மட்டும்தான் வரும்.