மீன் வளர்க்கலாம், கிண்ணத்தில் வேண்டாம்

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் ஏதாவது பிராணி வளர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். கணவருக்கு முடி அலர்ஜி, அதனால் நாயும் பூனையும் முடியாது. இருவரும் வேலைக்குப் போகிறோம். கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ் விட்டால் போதுமா? மீன் வளர்த்தால் மனசுக்கு நல்லது என்பது உண்மையா?

பதில்: தாராளமாக வளர்க்கலாம். ஆனால் கிண்ணமும் வேண்டாம், கோல்டு ஃபிஷ்ஷும் வேண்டாம்.

மனசுக்கு நல்லது என்பது வெறும் பேச்சு இல்லை. இங்கிலாந்தின் பிளைமவுத் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் ஒரு பெரிய தொட்டியில் படிப்படியாக மீன்களை விட்டபோது, அதைப் பார்த்தவர்களின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. மீன் இல்லாத தொட்டியைப் பார்த்தாலே இரண்டும் குறைந்தன; மீன்கள் கூடக் கூட, மக்கள் அதிக நேரம் நின்று பார்த்தார்கள், மனநிலையும் மேம்பட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

உங்கள் மகளை நினைக்கும்போது எனக்கு இன்னொரு ஆய்வுதான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில், முதல் வகை சர்க்கரை நோய் உள்ள 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு மீன் கொடுத்து, தீனி போடும் நேரத்திலேயே தங்கள் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. தினமும் ஒரே நேரத்தில் செய்யும் சின்ன வேலைக்கு அவ்வளவு பலம் உண்டு.

அலர்ஜி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மீனுக்கு முடி இல்லைதான், ஆனால் உலர்ந்த சிவப்புப் புழுத் தீனி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது கலக்காத தீனியாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, கிண்ணம் ஏன் கூடாது? மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. ஃபில்டர் இல்லாத கிண்ணத்தில் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். அதிலும் கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும் ரகம். நன்றாக வளர்த்தால் 15 சென்டிமீட்டரைத் தாண்டும், பத்து வருஷத்துக்கு மேலும் வாழும்.

60×30×30 சென்டிமீட்டர் தொட்டி வாங்குங்கள். 50 லிட்டர் சொச்சம் தண்ணீர் பிடிக்கும். மணலும் கண்ணாடியும் சேர்த்தால் நல்ல கனம் வரும் என்பதால் ஆடாத மேஜை வேண்டும். வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி பிடித்துவிடும்.

அப்புறம் பொறுமை. பாக்டீரியா பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு மக்கவிடுங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குபவர்கள்தான், சில நாளிலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

முதலில் கப்பி என்ற சின்ன வண்ண மீனில் ஆண் மட்டும் நான்கைந்து போதும். பெண்ணையும் சேர்த்தால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குஞ்சு போடும், தொட்டி தாங்காது.

தீனி மகள் பொறுப்பில் இருக்கட்டும்: இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, அவ்வளவுதான். எது முதலில் ஓடி வருகிறது, எது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குகிறது என்று அந்த நேரத்தில் கவனிக்கப் பழக்குங்கள். நோயின் முதல் அறிகுறி அங்கேதான் தெரியும்.

வாரம் ஒருநாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றுவது உங்கள் வேலை. குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகும்; சில இடங்களில் அதற்குப் பதிலாகக் கலக்கும் குளோரமின் போகாது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

வெளியூர் போகிறீர்களா? நல்ல ஆரோக்கியமான கப்பிகள் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் யாரிடமாவது சொல்லி, ஒவ்வொரு நாள் தீனியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.