பழைய துளையில் புதுச் சிம்னியா?

கேள்வி: காசிமேட்டில் எங்களுடையது மாமனார் காலத்து வீடு. கிச்சன் சிம்னி பழுதாகிவிட்டதால் 15 கிலோ எடையில் புதியது வாங்கியிருக்கிறோம். பொருத்த வந்த தம்பி பழைய ஓட்டையிலேயே மாட்டிவிடலாம் என்கிறார். விரலை விட்டால் காரை உதிர்கிறது. மாட்டலாமா ஐயா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: வேண்டாம் அம்மா. விரல் பட்டாலே உதிர்கிற துளை 15 கிலோவைப் பிடித்து நிற்காது. கீழே எரிகிற அடுப்பு, அதன் முன்னால் நீங்கள்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் வருடக்கணக்காக இந்த வேலை பார்க்கிறேன். கடலோரத்தில் ஒரு வீட்டில் பழைய சிம்னியைக் கழற்றும்போது ஸ்குருவின் தலை மட்டும் கையோடு வந்தது. உள்ளே தண்டு துருவாகிப் பொடிந்திருந்தது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்கு அதே பயம்தான். உங்கள் வீட்டுக்கும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) போல்ட்டே கேளுங்கள், கூடுதல் விலையைப் பார்க்காதீர்கள்.

பழைய துளைகளைப் பூசி அடைத்துவிட்டு, சில அங்குலம் தள்ளிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, சிலிண்டரை மூடிய பிறகுதான் துளை போட வேண்டும். துளையிலிருந்து வரும் தூளைக் கவனியுங்கள். வெள்ளையாகவோ சாம்பலாகவோ வந்தால் இன்னும் பூச்சுதான். சிவப்பாக வந்தால்தான் செங்கல். போல்ட் பிடிக்க வேண்டியது அந்தச் சிவப்பில். சுண்ணாம்புக் காரைச் சுவரில் கல் மிருதுவாக இருந்தால், விரிந்து பிடிக்கிற ஃபாஸ்னர் கல்லையே பிளந்துவிடும். அங்கே கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை நிரப்பி போல்ட்டை ஒட்ட வைக்கிற முறை, நல்லது. நாலரை இஞ்சுச் சுவராக இருந்து மறுபக்கமும் உங்கள் அறையே என்றால், போல்ட்டை ஊடுருவ விட்டு அந்தப் பக்கம் இரும்புப் பட்டை வைத்து நட்டு போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் என் மனதுக்கு நிம்மதி தருவது அதுதான்.

பிராக்கெட் மாட்டியதும் உடனே சிம்னியை ஏற்ற விடாதீர்கள். அடுப்பை நகர்த்திவிட்டு, 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கயிறு கட்டி அதில் ஒரு ராத்திரி தொங்க விடுங்கள். கெமிக்கல் ஆங்கர் என்றால் அது இறுகும் நேரம் முடிந்த பிறகு. காலையில் பிராக்கெட் மயிரிழை விலகியிருந்தாலும் வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். தம்பி சலித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

புகைக் குழாயின் எடையும் சிம்னி மேல் விழக் கூடாது. அதற்குத் தனியாகச் சுவரில் கிளாம்ப் போட வேண்டும். பழைய சுவர்த் துளை 4 அங்குலம், புதுச் சிம்னியின் வாய் 6 அங்குலம் என்றால் துளையைப் பெரிதாக்குங்கள். குழாயைச் சுருக்கினால் புகை போகிற வழி பாதிக்கும் குறைவாகிவிடும். மீன் வறுக்கிற வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளேயே படியும், தீப்பிடிக்க அது போதும். பி.வி.சி. குழாய் வேண்டாம், சூட்டில் இளகும். அலுமினியக் குழாயே போடுங்கள், வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெளி வாய் கடலைப் பார்த்து இருந்தால் மூடி போட்ட தொப்பி கட்டாயம். இல்லாவிட்டால் ஐப்பசி மழை நேராக அடுப்படிக்கு வரும்.

அடுப்புக்கும் சிம்னிக்கும் பொதுவாக 65 முதல் 75 செ.மீ. இடைவெளி விடுவோம். உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் வருகிறதா என்று சோதித்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்துக்கொள்ளலாம்.