அப்பத்தையா, ஆண்டவரையா?

கேள்வி: சாப்பாட்டுக்கு முன் எபிரெயு மொழியில் ஜெபம் சொல்லப் பழகியிருக்கிறேன். மூல மொழியில் சொன்னால் உணவுக்குக் கூடுதல் ஆசீர்வாதமாமே! 'அதெல்லாம் யூதச் சடங்கு, விட்டுவிடு' என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே அவசரப்பட்டுவிட்டீர்கள். நீங்கள் சொல்வது 'பாரூக் அத்தா அதோனாய்' என்று ஆரம்பிக்கிற ஜெபம்தானே? 'எங்கள் தேவனாகிய கர்த்தாவே, சர்வலோக ராஜாவே, பூமியிலிருந்து அப்பத்தை வரப்பண்ணுகிற உமக்கு ஸ்தோத்திரம்', அவ்வளவுதான் அதன் பொருள். இந்த உணவை ஆசீர்வதியும் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லையே, அப்புறம் கூடுதல் ஆசீர்வாதம் எங்கிருந்து வரும்?

குழப்பம், அந்த 'பாரூக்' பிறந்த 'பாராக்' என்ற எபிரெயு வினைச்சொல்லில் இருக்கிறது. கர்த்தர் மனுஷனுக்குச் செய்தால் நம் தமிழ் வேதாகமம் அதை 'ஆசீர்வதித்து' என்கிறது (எண்ணாகமம் 6:24), மனுஷன் கர்த்தருக்குச் செய்தால் 'ஸ்தோத்திரி' என்கிறது (சங்கீதம் 103:1). மூலத்தில் இரண்டும் ஒரே சொல். கடைசி இராப்போஜனத்தில் இயேசு அப்பத்தை எடுத்து 'ஆசீர்வதித்து' என்று மத்தேயு 26:26ல் வாசித்துவிட்டு, அப்பத்துக்கு ஏதோ ஏற்றினார் என்று நினைக்கிறோம். அதே பந்தியைப் பற்றி லூக்கா 22:19ல் 'ஸ்தோத்திரம்பண்ணி' என்றிருக்கிறது. அவர் பேசியது பிதாவோடு, ரொட்டியோடு அல்ல.

சரி, அண்ணனுக்கு வருவோம். இந்த அப்ப ஜெபத்தின் வாசகம் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், அதாவது யூத ரபிகளின் சட்டத் தொகுப்பில் இருக்கிறது, ஆகவே இயேசு அட்சரம் பிசகாமல் இதையே சொன்னார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சங்கீதம் 104:14ஐ எதிரொலிக்கிற ஒரு ஸ்தோத்திரத்தை, யூதர் சொல்கிறார்கள் என்பதற்காகத் தள்ளிவைப்பது என்ன நியாயம்? எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கைகழுவும்போது சொல்லும் ஜெபத்தில் 'கைகழுவ எங்களுக்குக் கட்டளையிட்டவரே' என்று வரும். சாப்பிடும் முன் எல்லாரும் கைகழுவ வேண்டும் என்ற கட்டளை தோராவில், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களில் கிடையாது, மாற்கு 7:3 அதை முன்னோரின் பாரம்பரியம் என்றே சொல்கிறது. அங்கே அண்ணன் கட்சிதான் நானும்.

மொழிக்கு வந்தால், சாப்பாட்டு ஸ்தோத்திரத்தை எந்த மொழியிலும் சொல்லலாம் என்று அதே மிஷ்னா அனுமதிக்கிறது, யூதர்களே கேட்காத எபிரெயுவை நீங்கள் ஏன் கட்டாயமாக்குகிறீர்கள்? பிடித்திருந்தால் சொல்லுங்கள், பொருள் தெரிந்து சொல்லுங்கள். இன்னொன்று, உபாகமம் 8:10 ஸ்தோத்திரிக்கச் சொல்வது 'புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்', அதாவது சாப்பிட்ட பிறகு. உங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்தபின் யாராவது ஜெபிக்கிறீர்களா?