தோட்டத்துப் பிள்ளைக்குப் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம்: சுங்கை சிப்புட் கேள்விகள், என் பதில்கள்

நான் பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில். பிறகு ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா: அக்கா, என் மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 8 ஏ எடுத்தும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அவளைவிடக் குறைவாக எடுத்த பையனுக்குக் கிடைத்திருக்கிறது. இது சட்டப்படி சரியா?

சட்டத்தில் இடம் இருக்கிறது அண்ணே. கல்வியில் இன, மத வேறுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 153ஆவது பிரிவு, மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் இடம் ஒதுக்க வழி விடுகிறது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971இல் அதோடு 8ஏ என்ற உட்பிரிவைச் சேர்த்து உயர்கல்விக்கூட இடங்களையும் அந்த ஒதுக்கீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு மலாய்க்காரரும் பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2019இல் இடங்களை 25,000லிருந்து 40,000 ஆக்கினார்கள், விகிதத்தைத் தொடவில்லை. 2024இல், 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உண்டு என்று அறிவித்தார்கள். ஏ கழித்தல் (A-) தரமும் கணக்கில் சேருமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

மலாய்க் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று படிக்கப் போவதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அந்தப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வறுமையில்தான் வளர்ந்தார்கள். கணக்கு இனத்தில் தொடங்காமல் வீட்டு வருமானத்தில் தொடங்கினால் இருவருக்குமே நியாயம் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் மகளை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். ஆறாம் படிவத்தில் சேருங்கள்.

அதே அப்பா: ஆறாம் படிவம் கஷ்டம் என்கிறார்களே?

கஷ்டம்தான். அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. ஆனால் செலவு மிகக் குறைவு. பல்கலைக்கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்தில்தான் நம் பிள்ளைகள் நிறைய விட்டுவிடுகிறார்கள். பள்ளி பஸ் போய்விடும் என்று மாலைப் பயிற்சிக்கு நிற்பதில்லை. இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து, வாரம் ஒரு நாள் ஒருவர் காரில் கூட்டி வந்தாலே போதும். மூயட் ஆங்கிலத் தேர்வையும் கடைசி நேரத்துக்குத் தள்ள வேண்டாம்.

ஆறாம் படிவ மாணவி: டீச்சர், குடும்ப வருமானம் குறைவு என்று தனி வழி இருக்கிறதாமே?

இருக்கிறது. யு.பி.யு. எனும் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பத்தில் பி40 எனும் குறைந்த வருமானக் குடும்பத்தினர், மாற்றுத்திறனாளிகள், ஒராங் அஸ்லி பழங்குடியினர், விளையாட்டு வீரர்கள் என்று சிறப்புப் பிரிவுகள் உண்டு. படிப்புக்கான குறைந்தபட்சத் தகுதி கட்டாயம் வேண்டும். அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டுகளை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வை. குடும்பம் இகாசி என்ற அரசாங்க ஏழ்மைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்.

தம்பிக்காகக் கேட்கும் அண்ணன்: தம்பிக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். படிப்பில் கெட்டிக்காரன். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளுமா? அம்மா பயப்படுகிறார்கள்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. முதலில் சட்டம்: மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இன்படி, உடற்குறையைக் காட்டி ஒருவரைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது. சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. எனும் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் எந்த உதவியும் நகராது. இடம் கிடைத்ததும் உயர்கல்வி அமைச்சின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

அப்புறம் கட்டடம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மாணவருக்கு இரண்டாம் மாடியில் வகுப்பு போட்டிருந்தார்கள். மின்தூக்கி இல்லை. நண்பர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். எல்லாரும் அந்தப் பையன்களைப் பாராட்டினோம். ஒரு பருவம் முடிந்த பிறகுதான், வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு கடிதம் போதும் என்று எங்களுக்கு உறைத்தது. அந்த மாணவர் நாலு மாதமும் வகுப்பு நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார், கழிப்பறைக்குப் போகும்போது யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும்.

ஆகவே பதிவுக்கு முன்பே போய்ப் பாருங்கள். விடுதி அறை, கழிப்பறை, வகுப்பு, பஸ் நாலையும் தம்பியே நேரில் பார்க்கட்டும். என்ன வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு மறுநாள் மறந்து போகும்.

அம்மா ஒருவர்: பணம் கட்டினால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் (யு.எம்.) திறந்த வழியாகச் சேரலாம் என்கிறார்கள். நகையை அடகு வைக்கட்டுமா?

வேண்டாம்மா. சாத்து என்ற அந்த வழியில் கட்டணம் வழக்கமானதைவிடப் பல மடங்கு. முதலில் யு.பி.யு.வில் மேல்முறையீடு செய்யுங்கள். சில நாள்தான் திறந்திருக்கும்.

முதலாம் ஆண்டு மாணவி: அக்கா, இடம் கிடைத்து வந்துவிட்டேன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். குழு வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்துவிடலாமா என்று இருக்கிறது.

வந்துவிடாதே கண்ணு. இடம் கொடுப்பது பாதி வேலைதான், உட்கார வைப்பது மீதி. அந்த மீதியைப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டும். குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ள விடாமல் விரிவுரையாளரே பிரிக்கட்டும் என்று கேள். கேட்பது தப்பில்லை. இந்திய மாணவர் கழகத்துக்கு ஒரு நாள் போய் வா. அதோடு உன் அறைத்தோழியிடம் நீயே ஒரு வார்த்தை முதலில் பேசிப் பார். பல நேரம் அந்தப் பக்கமும் கூச்சம்தான். தூக்கம் கெட்டால், ஆலோசகரிடம் போ. அது இலவசம்.

நான்காம் படிவ மாணவன், 16 வயது: அப்பா குடிமகன். அம்மாவிடம் எந்தப் பத்திரமும் இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. என் பிறப்புச் சான்றிதழில் குடிமகன் அல்ல என்று இருக்கிறது. நான் பல்கலைக்கழகம் போக முடியுமா?

பொதுப் பல்கலைக்கழகத்துக்கு இப்போதைய நிலையில் முடியாது தம்பி. யு.பி.யு. குடிமக்களுக்கு மட்டும். திருமணம் பதிவாகாவிட்டால் சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கும், அப்பாவுடையதை அல்ல. உன் தப்பு இதில் எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் அரசாங்கம் பிள்ளைகளைக் குடிமகனாகப் பதியலாம். ஆனால் வயது வரம்பு உண்டு. 18 ஆகும்வரை காத்திருக்காதே. அப்பாவோடு இந்த மாதமே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போ. பிறந்த ஆஸ்பத்திரிப் பதிவு, தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் அடையாள அட்டை, தோட்டத்தில் குடியிருந்ததற்கான கடிதம் எல்லாம் எடுத்துக்கொள். படிவம் நிரப்பத் துணை வேண்டுமென்றால், ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் இருப்பேன், வா.