பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி மறைந்தபின், குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்கு பால் ராட்ஜர்ஸ் எப்படிப் பொருந்தினார்?

அவர் ஃப்ரெடியாக மாற முயலவே இல்லை. அதனால்தான் பொருந்தியது.

2004-இல் லண்டன் வெம்ப்ளி அரீனாவில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் 50-ஆம் ஆண்டுக் கச்சேரி. அங்கே குயினின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் ராட்ஜர்ஸும் சேர்ந்து 'ஆல் ரைட் நவ்' பாட்டை வாசித்தார்கள், இருவருக்கும் ஒத்துப்போனது. அடுத்த வருடமே டிரம்ஸில் ரோஜர் டெய்லரோடு சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்கள். குயினில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் எப்போதோ ஒதுங்கிவிட்டவர், இதற்கும் வரவில்லை. அதனால் இதை முழு மறுசேர்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களும் 'குயின் + பால் ராட்ஜர்ஸ்' என்றுதான் பெயர் போட்டார்கள்.

ராட்ஜர்ஸும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஃப்ரீ, பேட் கம்பெனி என்று இரண்டு குழுக்களின் முன்னணிப் பாடகர். அவர் குரல் ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசையில் ஊறியது. ஃப்ரெடியின் குரலிலோ ஓபராவின் நாடகத்தனம் தூக்கலாக இருக்கும். எனவே பாட்டுகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 'லவ் ஆஃப் மை லைஃப்' போன்ற மென்மையானதை மே பாடுவார். ராட்ஜர்ஸின் பழைய குழுக்களின் பாட்டுகளும் பட்டியலில் உண்டு. 'பொஹீமியன் ராப்சடி' வந்தால் திரையில் ஃப்ரெடியே பாடுவார், கடைசிப் பகுதியில்தான் ராட்ஜர்ஸ் சேர்வார். என்னைக் கேட்டால், மொத்த நிகழ்ச்சியிலும் புத்திசாலித்தனமான முடிவு அதுதான்.

அப்புறம் 2008-இல் 'த காஸ்மாஸ் ராக்ஸ்' என்ற புது ஆல்பம். மேடையில் இருந்த சூடு அதில் இல்லை. 2009-இல் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டார்கள்.